கிளை வளாகத்துக்கும் ஆசிரியர் வேண்டும்

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 2003இல் டுலூத் நகரில் மருந்தாளுநர் படிப்புக்குக் கிளை வளாகம் திறந்தது. மினியாபொலிஸில் இருந்து சுமார் 250 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஊர் அது. இரு ஊர் வகுப்பறைகளும் நேரலைக் காணொளியால் இணைக்கப்பட்டன. கிராமப்புற மருந்துக் கடைகளுக்கு ஆள் கிடைக்காத தவிப்புதான் இந்த வளாகத்துக்குக் காரணம். ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் அங்கேயே படித்தால் அங்கேயே வேலைக்கும் நிற்பார்கள் என்ற கணக்கு சரியானது; நாம் அதை மனதார வரவேற்கிறோம்.

அதே நாட்டின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் இதே படிப்புக்கு 2001இலேயே இணையவழிப் பாதையைத் தொடங்கியது. ஆனால் ஆய்வகப் பயிற்சிக்கு மாணவர்கள் கோடையில் வளாகத்துக்கு நேரில் வந்தாக வேண்டும். இந்த நிபந்தனையில் துளியும் தளர்வு கூடாது. நரம்பில் ஏற்றும் மருந்தைக் கிருமியற்ற காற்றோட்டப் பெட்டிக்குள் கலக்கும்போது, வடிகட்டிய காற்றுக்கும் ஊசி முனைக்கும் நடுவே விரல் வந்தாலே போதும், மருந்து மாசுபடலாம். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் அந்தக் கையை அப்போதே விலக்கிவிடுவார். பதிவுசெய்த விரிவுரை அதைச் செய்யாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடும் முதியவரிடம், மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப் போடும் மாத்திரை எது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டறிவதும் நேரில் பழகித்தான் வரும். கேட்கத் தவறினால் இரத்தக்கசிவு வரை போகும்.

பாடத்திட்டமும் உரிமத் தேர்வும் எல்லா வளாகத்துக்கும் ஒன்றே. அப்படியிருக்க, கிளை வளாகத்தில் திரையை மாட்டிவிட்டு ஆசிரியர் நியமனத்தில் மட்டும் கைகட்டிக்கொள்வதை அங்கீகார அமைப்பு அனுமதிக்கக் கூடாது.