“இதுல நம்ம சனத்துக்கு இன்னா இருக்கு?”

போன மாதம் எம்.கே.பி. நகரில் நம் வாசகர் வட்டக் கூட்டம். மொட்டைமாடி, இருபது பேர், பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள். முனைவர் பட்ட ஆய்வு செய்கிற நாலு பேரைப் பேசக் கூப்பிட்டிருந்தோம். ஒரு தம்பி எண்ணூர்க் கழிமுகத்து நண்டின் செவுளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னொரு தோழருக்குப் பழங்கற்காலக் கருவிகள். மூன்றாமவருக்கு 1921 மில் வேலைநிறுத்தம். நாலாவதாக எழுந்த தங்கை, கணிதம் என்றாள். முடிச்சுக் கோட்பாடு. கயிற்றில் போடுகிற முடிச்சேதான். எது அவிழும், எது அவிழாது, பார்வைக்கு வேறுவேறாகத் தெரிகிற ரெண்டு முடிச்சு உண்மையில் ஒன்றுதானா என்பதைக் கணக்கால் நிரூபிப்பது.

அவள் பேசி முடிப்பதற்குள் ஒரு குரல்: “எல்லாம் சரிம்மா, இதுல நம்ம சனத்துக்கு இன்னா இருக்கு?”

கேட்டவன் வேறு யாருமில்லை. இந்தத் தலையங்கத்தை எழுதுகிறவன்தான். “தெரியலண்ணா” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கூட்டம் முடியும்வரை வாய் திறக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, படிக்கட்டில் நின்று மில் வேலைநிறுத்தத் தோழர் ஒன்று சொன்னார். அவர் ஆய்வுக்குப் போனபோது எடுக்க நினைத்தது பழங்கால நாணயங்கள். சின்ன வயசிலிருந்து அந்த ஆசை. கைடு சிரித்துக்கொண்டே சொன்னாராம்: “அதெல்லாம் எதுக்குப்பா? உங்க ஆளுங்களப் பத்தியே பண்ணேன். மெட்டீரியல் ஈஸியா கிடைக்கும்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கேட்டதும் அதே கேள்விதான் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இயக்கத்தின் பேரால் நாம் ஒரு வேலி போடுகிறோம். சாதியத்தின் பேரால் பல்கலைக்கழகம் ஒரு வேலி போடுகிறது. ரெண்டு வேலியும் ஒரே இடத்தில் ஊன்றப்பட்டிருக்கிறது என்பதுதான் இங்கே பேசவேண்டிய விசயம். அவர்கள் பிள்ளைகள் நட்சத்திரத்தை ஆராயலாம், புழுவை ஆராயலாம், ஒன்றுக்கும் உதவாத ஒரு சமன்பாட்டோடு முப்பது வருசம் குடித்தனம் நடத்தலாம். “உன் சமூகத்துக்கு என்ன பயன்?” என்று யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளை மட்டும் நம் காயத்தையே அளந்துகொண்டிருக்க வேண்டும்.

அண்ணல் அப்படியா செய்தார்? வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணிப் பிழைக்கிற எனக்கு இதைச் சொல்வதில் ஒரு தனிப் பெருமை உண்டு. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1923ல் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் வாங்கித் தந்தது ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வு. கொலம்பியாவுக்காக எழுதி 1925ல் வெளிவந்தது பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி பற்றியது. அதே 1925ல் நாணயம் பற்றிய ஹில்டன் யங் குழு முன்னால் போய் சாட்சியம் சொன்னார். 1918ல் சிறு நிலவுடைமை பற்றி எழுதினார். நடுவில் சட்டம், பின்னால் பௌத்தம். சாதி பற்றிய முதல் கட்டுரையைப் படித்ததும் பொருளாதார வகுப்பில் அல்ல. 1916ல் கொலம்பியாவின் மானுடவியல் கருத்தரங்கில். தங்க மாற்றுத் திட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது யாராவது நம்மைப் போல் ஒரு தோழர் குறுக்கிட்டு, இதுல நம்ம சனத்துக்கு இன்னா இருக்கு என்று கேட்டிருந்தால்?

அவர் மட்டுமல்ல. அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். ‘பௌத்த சாரம்’ பற்றி 1907ல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய லட்சுமி நரசு சென்னையில் அறிவியல் பாடம் நடத்தியவர். அந்த நூலைப் பின்னால் அம்பேத்கரே மறுபதிப்புச் செய்தார்.

இப்போது அரசு என்ன செய்கிறது பாருங்கள். தாழ்த்தப்பட்ட மாணவர் வெளிநாடு போய்ப் படிக்க ஒன்றிய அரசின் உதவித்தொகை 1950களிலிருந்து இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடம். 2022ல் அதன் விதியை மாற்றினார்கள்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் கிடையாது. அதையெல்லாம் இங்கேயே படிச்சுக்கோ. 1916ன் அந்தச் சாதிக் கட்டுரையைத் தலைப்பாக வைத்து ஒரு பீமாராவ் இந்த விதியின் கீழ் விண்ணப்பித்தால், மனு முதல் மேசையிலேயே திரும்பி வரும். இங்கே ஒரு கைடு “உங்களப் பத்தியே பண்ணு” என்கிறார்; டெல்லி “உங்களப் பத்தி வெளியில போய் பண்ணாதே” என்கிறது. எதைப் படிப்பது என்று தீர்மானிக்கிறவர்கள் மட்டும் ரெண்டு இடத்திலும் அவர்களே. 2025ல் இந்த உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் போனது. மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில்.

சரி, ஒன்றோடொன்று ஒட்டாத இந்த நாலு ஆய்வும் எங்கேயாவது சந்திக்கிறதா? கூட்டத்தன்று எனக்கு அது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கொசஸ்தலை ஆற்றை யோசித்தேன்.

கல் தோழர் வேலை செய்கிற அத்திரம்பாக்கம் அந்த ஆற்றுப் படுகையில்தான் இருக்கிறது. 1863ல் அங்கே கல் கருவிகளைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஆதி மனிதனைத் தேடி வந்தவரல்ல. பாறைகளைப் பார்க்க வந்த நிலவியல்காரர். அந்தக் கருவிகளுக்கு வயசு சொன்னது அவரும் இல்லை. சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் தோண்டி எடுத்த கல்லில், விண்ணிலிருந்து விழுந்த காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கிய அலுமினியத்தையும் பெரிலியத்தையும் அளந்து, சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011ல் சொன்னார்கள். விண்கதிர்களை ஆராய்ந்த இயற்பியல்காரர்கள் அத்திரம்பாக்கத்தை நினைத்தா ஆராய்ந்தார்கள்?

அதே ஆறு கடலில் கலக்கிற இடம் எண்ணூர்க் கழிமுகம். அங்கேதான் நம் தம்பியின் நண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேற்றில் வாழ்கிற நண்டு. 2017 ஜனவரியில் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் சனங்கள் பக்கெட்டால் மொண்டு எடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கியது. மறுபடி கையாலேயே மொண்டார்கள். அந்த மாதமே 26ந் தேதி ராத்திரி அமோனியா. கழிமுகத்தை இழந்தவர்கள் நியாயம் கேட்டுப் போகிற இடத்தில் எல்லாம் ஒரு கேள்வி எழும்: முன்னாடி எப்படி இருந்தது, இப்ப எவ்வளவு கெட்டுப்போச்சு? எண்ணெய் வருவதற்கு முன்னால், யாரும் கேட்காதபோது, ஒருவன் உட்கார்ந்து செவுளைப் பார்த்து எழுதி வைத்திருந்தால்தான் அதற்குப் பதில். 1996ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் நீராக இருந்த கழிமுகம், பின்னால் வந்த ஒரு வரைபடத்தில் காணாமல் போனதைக் கண்டுபிடிக்க வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. கோசம் போடத் தெரிந்த நமக்கு அது தெரியவில்லை.

நம்மைப் பற்றிய ஆய்வு வேண்டாம் என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். 1921ல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தில் சேராத ஆதிதிராவிடத் தொழிலாளர்களைக் கருங்காலிகள் என்ற ஒரு சொல்லில் முடித்தவர்கள் உண்டு. புளியந்தோப்பில் எரிந்த குடிசைகளைப் பற்றி அந்தச் சொல் பேசாது. பார்வை இழந்த நிலையிலும் ஆவணங்களைப் பிறர் வாசிக்கக் கேட்டு, சென்னைத் தொழிலாளர் வரலாற்றை எழுதியவர் தே. வீரராகவன், அவர் இறந்த பிறகு, 2013ல்தான் அது நூலானது. அந்த வேலையை நம் கையிலும் எடுக்கத்தான் வேண்டும். எடுக்கிறவர் விரும்பி எடுக்கட்டும். நாணயம் கேட்டவன் தலையில் கட்டாதீர்கள்.

2008ல் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் செத்துப்போன சேலத்துச் செந்தில்குமார் படித்தது இயற்பியல். ஒரு கைடு கிடைக்காமல் அலைந்தவர். 2016ல் அதே வளாகத்தில் ரோகித் வெமுலா. கார்ல் சேகன் போல அறிவியல் எழுத்தாளனாக விரும்பியவன். சாகும்போது ஏழு மாத உதவித்தொகை பாக்கி. ரெண்டு பேரின் படத்தையும் சுவரொட்டியில் போட்டோம். செந்தில்குமார் இயற்பியலில் எதைத் தேடினார் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? நான் விசாரிக்கவில்லை.

மறு ஞாயிறு அந்தத் தங்கை வீட்டுக்குப் போனேன். கேட்டது தப்பும்மா என்றேன். “விடுங்கண்ணா, வீட்லயும் அதான் கேக்குறாங்க” என்றாள். அப்புறம் பாவாடை நாடா ஒன்றை எடுத்து மேசையில் போட்டு முடிச்சு போட்டுக் காட்டினாள். 1867ல் கெல்வின் என்ற விஞ்ஞானி, அணுக்கள் எல்லாம் ஈதரில் விழுந்த முடிச்சுகள் என்று நினைத்தாராம். அவர் நண்பர் டெய்ட் முடிச்சுகளை வகைப்படுத்திப் பட்டியல் போட்டார். கெல்வினின் கொள்கை தவறு என்றாகிவிட்டது. பட்டியல் மட்டும் நின்றது. நூறு வருசம் கழித்து, செல்லுக்குள் டி.என்.ஏ. இழை சிக்கிக்கொள்வதையும் நொதிகள் அதை வெட்டி அவிழ்ப்பதையும் புரிந்துகொள்ள அந்தக் கணக்கு உதவியது. “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?” என்றேன். “நீங்க பயன் கேட்டீங்க. எனக்கு அதுக்காகப் புடிக்கலண்ணா. சும்மா புடிச்சிருக்கு” என்றாள்.

அடுத்த இதழிலிருந்து நாலு பக்கம் ஆய்வு மாணவர்களுக்கு. தாவரவியலோ கல்வெட்டோ கான்கிரீட்டோ, நீங்கள் என்ன தேடுகிறீர்கள் என்பதைத் தெருவில் பேசுகிற தமிழில் எழுதுங்கள். ஆங்கிலக் கலைச்சொல் வந்தால் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். தலித் என்ற சொல் கட்டுரையில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் கட்டுரை முடிச்சு பற்றியது, கைக்கு வந்துவிட்டது. படங்களுக்கு பிளாக் எடுக்கவேண்டிய காலம் போய்விட்டதால், பதினோரு முடிச்சையும் அவள் கையால் வரைந்தபடியே போடுகிறோம்.