ஏரிக்கரை யாருக்கு?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

எங்கள் தெருவில் ஒருவர் நடப்பதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு. கோயிலுக்குப் போவது ஒன்று. கடைக்கோ வேலைக்கோ போவது இரண்டு. இழவு வீட்டுக்குப் போவது மூன்று. இம்மூன்றும் இல்லாமல் ஒருவர் நடந்தால், "என்னப்பா, இன்னிக்கு வேலை இல்லையா?" என்று கேட்பார்கள். நடப்பவர் பெண்ணாக இருந்துவிட்டாலோ கேள்வி அதோடு நிற்பதில்லை.

நான் ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பத்தில் பிறந்தவள். ஊர் திருமலைப் பக்கம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். என் தந்தையார் பதினான்கு வயதில் தறிக்குழியில் காலை இறக்கியவர்; இன்று வரை அக்குழியிலேதான் இருக்கிறார். அவருடைய கால்கள் நாள் முழுவதும் மிதிபலகையை மிதிக்கின்றன. ஆனால் உடல் இருந்த இடத்தை விட்டு ஓர் அடி கூட நகர்வதில்லை. அவர் நீள நடப்பதெல்லாம் விடியற்காலையில் தெருவில் பாவு விரிக்கும்போதுதான். அந்த நடையிலும் கண் அறுந்த இழையைத்தான் தேடும், வானத்தைத் தேடாது.

சென்ற ஆண்டு அவருக்கு இடுப்பிலும் முழங்காலிலும் வலி வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா என்னிடம் கேட்டார்: "எங்கேம்மா நடக்கறது?"

விலங்கியல் படிக்கும் எனக்குக் கெண்டைக்கால் தசையைப் பற்றித் தெரியும். நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கிக் காலில் தேங்கும் இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் வடிவத்தை மாற்றும் தசை, அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது சுருங்கி, தொலைவில் பார்க்கும்போது தளர்கிறது என்பதும் தெரியும். நாளெல்லாம் ஒரு முழத் தொலைவில் இழை பார்க்கும் நெசவாளிக்குத் தொலைவான பார்வை ஓர் ஓய்வு. இவ்வளவும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் "எங்கே நடப்பது?" என்ற கேள்விக்கு என் பாடப்புத்தகத்தில் விடை இல்லை. அந்த விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் அவரைத் திருமலைக்கே அழைத்துச் சென்றேன். அரை நாளில் பார்த்துவிடக்கூடிய சிறிய மலைதான் அது. இராசராச சோழனின் தமக்கை குந்தவையின் பெயரால் விளங்கும் குந்தவை ஜினாலயம் அங்கே இருக்கிறது. பாறையில் செதுக்கப்பட்ட நேமிநாதர் சிலை 16 அடி உயரம். தமிழ்நாட்டுச் சமணச் சிற்பங்களில் இதுவே மிக உயரமானது என்பர். இராசேந்திர சோழனின் படை கங்கை வரை சென்ற செய்தியைச் சொல்லும் கல்வெட்டும் இம்மலையில்தான் உள்ளது. ஆராய்ச்சியாளர்கள் எங்கிருந்தெல்லாமோ தேடி வந்து படித்த கல்வெட்டு அது. பக்கத்திலேயே பிறந்த நான் கல்லூரிக்கு வந்த பிறகுதான் அதைப் பற்றி அறிந்தேன்!

பாதி வழியில் அப்பா ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். கீழே வயலும் பனைமரங்களும் ஏரியும் தெரிந்தன. நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "நம்ம ஊர் இவ்வளவு பச்சையா?" என்றார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

அடுத்து ஆடி மாதம் குடும்பத்தோடு படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனோம். திரும்பும்போது நான் பிடிவாதம் பிடித்து எல்லோரையும் செண்பகத்தோப்பு அணைக்கு அழைத்துச் சென்றேன். சவ்வாது மலையின் மடியில், கமண்டல நாகநதியின் குறுக்கே கட்டப்பட்ட அணை அது. நம் ஆரணியைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆறும் அதுவே. மூன்று பக்கமும் காட்டு மலை, நடுவே நீர். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். தம்பி கல்லெறிந்து விளையாடினான். அம்மாவும் அப்பாவும் வேலையையோ கடனையோ பற்றிப் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். செலவு பேருந்துக் கட்டணமும் சுண்டலும்தான். ஆனால் மறுநாள் அப்பா விரலை மடக்கி ஒரு கணக்குப் போட்டார்: "ஒரு நாள் கூலி போச்சு." அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். ஏழைக்கு இயற்கைக் காட்சி இலவசம் என்று எழுதுகிறவர்கள் அந்த ஒரு நாள் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே என் வாதம் இதுதான்: உழைக்கும் குடும்பம் நடப்பதற்கு ஏற்ற இடம் தொலைவில் இருக்கக்கூடாது, வேலை முடிந்த மாலையில் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பெயர் ஏரிக்கரை.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடைப்பாதை இருப்பது எல்லோருக்கும் தெரியும். 1863இல் லெவிஞ்சு என்ற ஆங்கிலேய அதிகாரி தம்மைப் போன்றவர்களின் ஓய்வுக்காக உண்டாக்கிய ஏரி அது. இன்று அதைச் சுற்றிக் குழந்தைகளோடு நடக்காத சுற்றுலாப் பயணி இல்லை. அங்கே போய்ப் பணம் கொடுத்து நடக்கும் நாம், நம் முன்னோர் வெட்டிய ஏரியைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதைவிட நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு வேடந்தாங்கல். அதுவும் பாசனத்துக்கான ஒரு சாதாரண கிராமத்து ஏரிதான். பரப்பு சுமார் 30 ஹெக்டேர். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதை அவ்வூர் உழவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798இலேயே அன்றைய கலெக்டர் பிளேசிடம் பாதுகாப்பு உரிமை பெற்றார்கள். 2022இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இன்று பருவ காலத்தில் கைக்குழந்தையைத் தூக்கிய தாயும், கோல் ஊன்றிய தாத்தாவும் அந்தக் கரைமேல் நடந்து பறவை பார்க்கிறார்கள். மலையேற்றக் காலணி வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். நல்ல கரையும் மரநிழலும் அமைதியும் போதும். அந்த ஏரி பிழைத்தது எதனால்? ஊர் மக்களின் கண் அதன்மேல் இருந்ததனால்.

நடையைப் பரப்ப அரசும் முயலாமல் இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்துக்குப் பின் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்தது. முன்பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் உண்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். கோடையில் நுழைவது உயிருக்கே ஆபத்து. எனவே இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி ஐந்து பேர் கொண்ட நெசவாளர் குடும்பம் அங்கே போகுமா? காடு காட்டின் விதிப்படி இருக்கட்டும். ஏரிக்கரையாவது எங்களுக்குக் கிடைக்கட்டும்.

"ஏரிக்கரையில் குடிகாரர்கள் இருப்பார்கள், பெண்கள் எப்படிப் போவது?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். நாங்கள் முதல் நாள் போனபோது எங்களை வரவேற்றவை உடைந்த பாட்டில் துண்டுகளே. தம்பியின் காலில் ஒன்று குத்தியும் விட்டது. "வயசுப் பொண்ணுக்கு ஏரிக்கரையில என்ன வேலை?" என்று ஒரு பெரியவர் அப்பாவிடம் கேட்டார். அப்பா சற்றுத் தயங்கி, "காத்து வாங்கத்தாங்க" என்றார். அந்தத் தயக்கம் என்னைச் சுட்டது. அந்த விடை எனக்கு மகிழ்ச்சி தந்தது. குடிகாரர்கள் இருப்பதால் குடும்பங்கள் வருவதில்லை என்கிறோம். குடும்பங்கள் வராததால்தான் குடிகாரர்கள் இருக்கிறார்கள் என்று ஏன் எண்ணக்கூடாது? நான் தனியாகப் போனால் கேள்வி வருகிறது. தோழியோடு போனாலும் வருகிறது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து போனால் யார் கேட்பார்?

"மக்கள் போனால் குப்பை சேருமே" என்பது இரண்டாவது தடை. மறுக்கவில்லை. ஆனால் மக்கள் போகாத ஏரியில் குப்பை லாரியே போகிறது! கரை ஓரமாகக் கழிவைக் கொட்டுவதும், நீர்வரத்துக் கால்வாயை அடைப்பதும், எல்லைக் கல்லை நகர்த்துவதும் யாரும் பார்க்காத இடத்தில்தான் நடக்கும். நாள்தோறும் நூறு கால்கள் நடக்கும் கரையில் நடக்காது. காவலுக்கு ஆள் போடுவதைவிட, நடப்பதற்குப் பாதை போடுவது மேல்.

குறை கூறுவதோடு நிறுத்திக்கொள்ள நான் விரும்பவில்லை. நாட்டு நலப் பணித் திட்டம் 1969இல் தொடங்கியது முதல் மாணவர்கள் எத்தனையோ முகாம்களில் சாலை போட்டிருக்கிறார்கள். கோயில் வளாகம் பெருக்கியிருக்கிறார்கள். இவ்வாண்டு நம் கல்லூரியின் முகாம் ஓர் ஏரிக்கரையில் நடக்கட்டும். ஊராட்சியின் ஒப்புதலோடு முள்ளை வெட்டிக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி, கரையோரம் பனை விதை ஊன்றுவோம். தாவரவியல் மாணவர்கள் மரங்களுக்குப் பெயர்ப் பலகை எழுதட்டும். விலங்கியல் மாணவர்களாகிய நாங்கள் மடையான், முக்குளிப்பான், நீர்க்காகம், மீன்கொத்தி என்று பறவைப் பட்டியல் எடுக்கிறோம். முகாமின் கடைசி நாளில் ஒவ்வொரு மாணவரும் தம் தாய் தந்தையரை அழைத்து வர வேண்டும். விழா வேண்டாம், மாலை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அவர்கள் ஒரு முறை நடந்தால் போதும்.

அப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அம்மாவோடு கரைக்குப் போகிறார். வலி முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் சென்ற வாரம் திரும்பி வந்தவர், "தண்ணிக்குள்ள முங்கி எங்கேயோ போய் எழுந்திரிக்குதே, அந்தக் குருவிக்குப் பேர் என்னம்மா?" என்று கேட்டார். "முக்குளிப்பான்" என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் படித்த படிப்பு எங்கள் வீட்டுக்குப் பயன்பட்ட முதல் நாள் அது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கேள்வி காத்திருக்கக்கூடும், தோழர்களே. கரை வரை அழைத்துச் சென்று பாருங்கள்.