தனித்த இடம் யாருக்கு?



ஆனி பிறந்து மேற்கு மலையில் மேகம் கவிந்துவிட்டால், சுரண்டை வட்டாரத்து மக்களின் மனம் குற்றாலத்தை நாடுகிறது. இளைஞர்களை மலைப்பக்கம் அழைத்துச் சென்று முகாம் நடத்தும் வழக்கமும் பங்குகளில் உண்டு. செபமும் பாடலும் மௌனமும் கலந்த அந்நாட்கள் நம் பிள்ளைகளுக்கு நன்மை பயப்பன. ஆயினும் ஒரு கேள்வி: இத்தகைய ஓய்வு நம் இல்லங்களில் யாருக்குக் கிடைப்பதில்லை?

இயற்கையின் மடியில் இறைவனைத் தேடுவது திருச்சபைக்குப் புதிதன்று. போர்வீரராயிருந்த புனித இஞ்ஞாசியார், 1522-இல் ஸ்பெயின் நாட்டு மன்ரேசா ஊரில் செபத்திலும் தவத்திலும் தங்கியிருந்தார். அங்கே கார்தோனேர் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபோது அவர் உள்ளத்தில் ஞான ஒளி உதித்தது. அந்நாட்களின் அனுபவத்தில் உருவான ஆன்மீகப் பயிற்சிகள் நூலைத் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் 1548-இல் அங்கீகரித்தார். 1922-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், இஞ்ஞாசியாரை ஞான ஒடுக்கங்களின் பாதுகாவலராக அறிவித்தார். அவருடைய திருநாளான ஜூலை 31, குற்றாலச் சாரல் காலத்திலேயே வருகிறது. நம் தமிழகத்திலும், மொன்ஷானேன் அடிகளாரும் லெ சோ அடிகளாரும் 1950-இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவினர்.

இவர்களெல்லாம் துறவியர், நமக்கு இது பொருந்துமா எனக் கேட்பீர்கள். மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பணி முடித்துத் திரும்பிய அப்போஸ்தலர்களைச் சுற்றி மக்கள் வருவதும் போவதுமாக இருந்தனர். அவர்களுக்கு உண்ணவும் நேரமில்லை. அவர்களைத்தான் ஆண்டவர் தனித்த இடத்திற்கு அழைத்தார். ஓய்வு வேண்டுமென்று அவர்கள் கேட்டதாக நற்செய்தி கூறவில்லை. ஆண்டவரே கண்டு அழைத்தார்.

உண்ணவும் நேரமில்லாதவர் நம் இல்லத்தில் யார்? விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பிறகு பீடித் தட்டை மடியில் வைத்து இலை வெட்டிச் சுற்றும் தாய்மார் நம் பகுதியில் எத்தனை பேர்! ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலி. ஒரு நாள் எழுந்து போனால் அந்நாள் கூலி இல்லை. ஆகவே “நீங்கள் போய் வாருங்கள்” என்கிறார்கள். குடும்பமாய்க் குற்றாலம் சென்றாலும் சோறு கட்டுவதும், மற்றவர் குளிக்கையில் துணிமணிகளைக் காப்பதும் அவர்களே.

இச்சாரல் காலத்தில் ஒரு நாளைத் தாய்மாருக்கென ஒதுக்குவோம். அன்று தந்தை அடுப்பைக் கவனிக்கட்டும். மூத்த பிள்ளைகள் இளையவரைப் பார்க்கட்டும். ஒரு நாள் கூலியை வீட்டார் முன்னதாகவே சேர்த்து வைக்கட்டும்; இயலாத குடும்பத்திற்கு அன்பியம் கைகொடுக்கட்டும். தாய்மார் ஒன்றாகச் சென்று, கூட்டமில்லாத மரநிழலில் முற்பகல் முழுவதும் மௌனமாய் இருந்து, அந்த 6-ஆம் அதிகாரத்தை வாசித்துச் செபிக்கட்டும். பின்னர் அருவியில் ஆசைதீரக் குளிக்கட்டும்.

குற்றாலத்து நீர் பாறையில் தங்கிவிடுவதில்லை. சிற்றாறாய்த் தென்காசி வழியே ஓடி, வயல்களை நனைத்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாயின் உள்ளத்தில் நிறையும் அமைதியும் இல்லமெங்கும் பாயும். ஆனால் அந்தப் பயனைக் கருதி மட்டும் அவரை அனுப்பவேண்டாம். அவரும் கடவுளின் மகள். ஆண்டவரின் அழைப்பு அவருக்கும் உரியது.

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் கேளுங்கள்: “அம்மா, நீங்கள் என்றைக்குப் போகிறீர்கள்?”