நூலுக்கு நீதி கொழும்பில்தானா?

வயலின் வரம்பை அயலவன் வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டால், வடமராட்சி உழவன் பருத்தித்துறை மாவட்ட நீதிமன்றத்திலே வழக்கிடலாம். தன் தாய்மொழியிலேயே முறையிடலாம். அதே உழவனின் மகன் எழுதிய நூலை ஒருவன் களவாக அச்சிட்டு விற்றால், நட்டஈடு கேட்க அவன் கொழும்புக்கு இரயிலேற வேண்டும். இஃது எவ்வகை நீதி என்று கேட்கின்றோம்.

சட்டத்தை நாம் குறைகூற வரவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், எழுத்தாளனின் உரிமையை அவன் ஆயுட்காலத்துக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் காக்கின்றது. பதிவு எதுவும் வேண்டியதில்லை. (பதிப்புரிமையைப் பதிந்து தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவன் வந்தால், படலையிலேயே திருப்பி அனுப்புக.) மாணவன் படிப்புக்கெனச் சில பக்கங்களைப் பிரதி எடுப்பதைச் சட்டம் பொறுக்கின்றது, முழு நூலையும் போட்டோப் பிரதி எடுத்து, அட்டை கட்டி விற்கும் கடைக்காரனைப் பொறுக்கவில்லை. அவனை உள்ளூர் நீதவான் முன் நிறுத்தலாம். 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆனால், தண்டப்பணம் எழுத்தாளனின் கைக்கு வருவதில்லை. விற்பனையை நிறுத்தும் தடையுத்தரவும் நட்டஈடும் கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்தின் அதிகாரத்தில் இருக்கின்றன. வழக்காடாமலே தீர்வு பெற இன்னொரு வழியையும் சட்டம் வகுத்துள்ளது. பாதிக்கப்பட்டவன் விண்ணப்பித்தால், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகம் விசாரித்து முடிவு கூறலாம். மேன்முறையீட்டுக்கு உட்பட்டு, அம்முடிவு இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும். எளிய எழுத்தாளனுக்கு உகந்த வழி இதுவே. அந்த அலுவலகம் இருப்பதும் கொழும்பிலேதான்!

வடக்கு கிழக்கிலிருந்து முறைப்பாடுகள் வருவதில்லையே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். 500 பிரதிகள் அச்சிட்டு அவற்றையும் விற்க முடியாமல் தவிப்பவன், பயணச் செலவும் சட்டத்தரணி கட்டணமும் கொடுத்து எத்தனை தவணைக்குப் போவான்? 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வடக்கு கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்றது. வழக்கே கொழும்புக்குப் போய்விட்டால் அந்த ஏற்பாட்டால் இவனுக்கு விளையும் நன்மை என்ன?

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 1996 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை பிறப்பித்தால் ஏனைய மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் இவ்வதிகாரம் கிட்டும். அதுவரை, பணிப்பாளர் நாயகத்தின் விசாரணை அமர்வுகளை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடத்துவதற்கு ஒரு மண்டபமும் தமிழறிந்த சில உத்தியோகத்தரும் போதும். அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்திலே நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து இவ்விரண்டையும் கேட்பார்களாக.