சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு



இரண்டு வாரத்திற்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், சவர்க்காரம் முதலியவற்றை வீட்டில் எப்பொழுதும் கையிருப்பாக வைத்திருங்கள் என்று நான் பெற்றோரிடம் சொல்வதுண்டு. சொன்னவுடன் இரு வகையான மறுமொழிகள் வரும். "இது பதுக்கல் ஆகாதா?" என்பது ஒன்று. "அன்றாடம் சமாளிப்பதே பெரும்பாடு. இதில் கையிருப்புக்கு எங்கே போவது?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. அவற்றுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் உள்ள வேறுபாடு வாங்கும் அளவில் மட்டும் இல்லை. வாங்கும் காலத்தில்தான் பெரிதும் இருக்கிறது. கடையில் பொருள் நிறைந்திருக்கும் காலத்தில் வாரத்திற்கு ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்கினால் யாருக்கும் குறைவு வராது. கடைக்காரர் மறுவாரம் அந்த இடத்தை நிரப்பிவிடுவார். ஆனால், ஊரே அஞ்சி ஓடும் நாளில் ஐந்து மூட்டை அரிசியைத் தள்ளுவண்டியில் ஏற்றினால், அதில் நான்கு மூட்டை அடுத்தவர் வீட்டு உலைக்குப் போக வேண்டியது.

2020 மார்ச்சு 16ஆம் நாள் இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது. அந்த நாள்களில் பேரங்காடிகளில் அரிசி, ரொட்டி, முட்டை, மீ வகைகள் அடுக்கியிருந்த தட்டுகள் வெறுமையாகக் கிடந்ததை நாம் அனைவரும் கண்டோம். சிங்கப்பூரிலும் அவ்வாண்டு பிப்ரவரி 7ஆம் நாள் நோய் எச்சரிக்கை நிலை ஆரஞ்சு நிறத்திற்கு உயர்த்தப்பட்டவுடன் இதே காட்சிதான் அரங்கேறியது. அன்று நாட்டில் உணவு தீர்ந்துவிடவில்லை. ஒரு மாதத்தில் வாங்க வேண்டியதை எல்லாரும் ஒரே மாலையில் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

அந்த மாலையில் யார் வாங்க முடிந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அது மாதத்தின் நடுப்பகுதி. கையில் பணமும் வாகனமும் உள்ளவர்கள் வாங்கினார்கள். நாட்கூலி பெறுபவர், வார இறுதியில் சம்பளம் வாங்குபவர், முதியவர் ஆகியோர் கடைக்கு வந்து சேர்ந்தபோது எஞ்சியிருந்தது விலை கூடிய பொருள்களே. நம் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளில் எத்தனை பேர் அத்தகைய குடும்பங்களிலிருந்து வருகின்றனர் என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிகள் மூடப்பட்டதால், ஆர்.எம்.தி. எனப்படும் கூடுதல் உணவுத் திட்டத்தின்வழி பள்ளியில் கிடைத்துவந்த உணவும் அப்பிள்ளைகளுக்கு நின்றுபோனது. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், உணவு இல்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டி உதவி கேட்டார்கள். அந்தக் கொடிகளை மறந்துவிட்டு இப்பொருளைப் பற்றிப் பேச இயலாது.

ஆகவே, அமைதியான காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த குடும்பம் தன்னைமட்டும் காத்துக்கொள்வதில்லை. நெருக்கடி நாளில் அது கடைக்கு ஓடுவதில்லை. வரிசையில் ஓர் இடத்தையும் தட்டில் ஒரு பொட்டலத்தையும் பிறருக்கு விட்டுக்கொடுக்கிறது. இதை நான் ஒரு சமூகக் கடமையாகவே கருதுகிறேன்.

நோய்த்தொற்று மீண்டும் வரவா போகிறது என்று கேட்கலாம். நோய் ஒன்றுதான் காரணமா? 2020 செப்டம்பரில் ஆற்று நீர் மாசுபட்டதால் சிலாங்கூரில் நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நிறுத்தப்பட்டன. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நீர்க் கணக்குகள் பாதிக்கப்பட்டன. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது மேல்மாடியிலும் கூரையிலும் உணவின்றிக் காத்திருந்தவர்கள் பலர். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. செப்டம்பர் முதல் நாள் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. எல்லாரும் உள்நாட்டு அரிசியின் பக்கம் திரும்ப, கிலோவுக்கு 2 வெள்ளி 60 சென் என்று விலை கட்டுப்படுத்தப்பட்ட அவ்வரிசி கடைகளில் காணாமற்போனது. 2024 செப்டம்பரில் இந்தியா தடையை நீக்கியது உண்மைதான். ஆயினும், நாம் உண்ணும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது என்னும் நிலை மாறிவிடவில்லை.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். உலையில் இடும் அரிசியிலிருந்து நாள்தோறும் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பிடியரிசி வழக்கம் நம்முடையது. சப்பானியர் ஆட்சிக்காலத்தில் அரிசி வரத்து நின்று மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வளர்த்த தலைமுறை, அரிசிப் பானை காலியாவதற்கு முன்பே அடுத்ததை வாங்கி வைத்தது. அதைக் கஞ்சத்தனம் என்று நாம் நகைத்தோம். அது பசி கற்றுக்கொடுத்த பாடம்.

இனி, செய்முறைக்கு வருவோம்.

1. உண்பதையே சேமியுங்கள். வீட்டில் யாரும் தொடாத டின் உணவை வாங்கி அடுக்குவது வீண். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, சீனி, நெத்திலி, சார்டின், பால்மாவு, ரொட்டி மாவு என நம் அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் பொருள்களே போதும். மேகி மீயைமட்டும் நம்பிக் கையிருப்பை அமைக்க வேண்டா. அதிலுள்ள உப்பின் அளவு பிள்ளைகளுக்கு நல்லதன்று.

2. கணக்குப் போடுங்கள். ஐவர் உள்ள குடும்பத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 கிராம் அரிசி எனக் கொண்டால், ஒரு நாளைக்கு 1 கிலோ. 14 நாள்களுக்கு 14 கிலோ. பருப்பு ஒருவருக்கு 50 கிராம் எனில் மூன்றரைக் கிலோ. எண்ணியபோது மலைப்பாக இருந்தது, எழுதியபோது சிறிதாகிவிடும்.

3. பழையது முன்னே, புதியது பின்னே. புதிதாக வாங்கியதைப் பின்வரிசையில் வைத்து, முன்னால் இருப்பதை எடுத்துச் சமையுங்கள். காலாவதி நாளைப் பேனாவால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நம் நாட்டின் ஈரக்காற்றில் அரிசியில் வண்டு எளிதில் விழும். ஆதலால், பையைத் திறந்தபடி வைக்காமல் இறுக மூடும் டப்பாவில் கொட்டி வையுங்கள்.

4. நீரை மறவாதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் எனில், ஐவருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். நீர்வெட்டு அறிவிப்பு வந்தபின் பிடிப்பதைவிட, மூடியுள்ள கலன்களில் முன்னரே நிரப்பி அவ்வப்போது மாற்றுவது நலம்.

5. உயரத்தில் வையுங்கள். வெள்ளம் வரும் பகுதியில் கீழ்த்தளத்து அலமாரியில் வைத்த பொருளால் பயனில்லை. பிறப்புப் பத்திரம் முதலிய ஆவணங்களும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களும் பைகளில் கட்டி அதே உயரத்தில் இருக்கட்டும்.

6. உணவல்லாத பொருள்களும் வேண்டும். சவர்க்காரம், பெண்களுக்கான அணையாடை, கைக்குழந்தை இருந்தால் அதற்குரியவை, கைவிளக்கு, பேட்டரி, தீப்பெட்டி, டின் திறக்கும் கருவி, சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களின் மருந்து முற்றும் தீரும்வரை காத்திருக்காதீர்கள்.

இனி, இரண்டாவது கேள்வி: பணத்திற்கு எங்கே போவது?

ஒரே நாளில் வாங்கச் சொல்லவில்லை. வாரத்திற்கு 5 வெள்ளி ஒதுக்கினால் ஆண்டுக்கு 260 வெள்ளி ஆகிறது. மேலே சொன்ன கட்டுப்பாட்டு விலையில் கணக்கிட்டால், அது 10 கிலோ அரிசி மூட்டைகள் பத்துக்குச் சமம். கடன் வாங்கிக் கையிருப்பை அமைக்க வேண்டா. சம்பளம் வந்த வாரத்தில் ஒரு பொருள், அடுத்த வாரத்தில் இன்னொன்று என்று தொடங்கலாம். முதல் இலக்கு மூன்று நாள். அடுத்தது ஒரு வாரம். பிறகு இரண்டு வாரம்.

ஆயினும், அந்த 5 வெள்ளியும் இல்லாத குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் சேமிப்பைப் பற்றி அறிவுரை கூறுவது பசித்தவனிடம் நோன்பின் பெருமையைப் பேசுவதாகும். இங்குதான் பள்ளிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் ஓர் உணவு அலமாரி இருக்கட்டும். வசதியுள்ள குடும்பங்கள் மாதம் ஒரு பொட்டலம் கொடுக்கட்டும். யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பது தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அரிசிப் பையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கம் வேண்டவே வேண்டா. அந்தப் படம் நாளை அப்பிள்ளையின் வகுப்பு நண்பன் கண்ணிலும் படும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். கணிதப் பாடத்தில் பொருண்மை, கொள்ளளவு, பணம், காலம் ஆகிய நான்கையும் இணைத்துக் கற்பிக்க இதைவிடச் சிறந்த தலைப்பு கிடைப்பது அரிது. ஆனால், "உங்கள் வீட்டில் உள்ள பொருள்களைப் பட்டியலிட்டு வாருங்கள்" என்று ஒருபோதும் வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். எழுத ஒன்றுமில்லாத பிள்ளை என்ன செய்யும்? ஒன்று, பொய் எழுதும். இல்லையேல், தலைகுனிந்து நிற்கும். கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஐவர், 14 நாள், கையில் 60 வெள்ளி. எதை முதலில் வாங்குவார்கள், எதை விட்டுவிடுவார்கள் என்று குழுவாகப் பேசவிடுங்கள். பிள்ளைகளின் விடைகள் நம்மைச் சிந்திக்க வைக்கும்.

கையிருப்பு என்பது அச்சத்தின் அடையாளம் அன்று. திட்டமிட்ட வாழ்வின் ஒரு பகுதி. இந்த வாரம் கடைக்குச் செல்லும்போது வழக்கமாக வாங்குவதோடு ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்குங்கள். இயலுமாயின் இன்னொன்றும் வாங்குங்கள். அது பள்ளி அலமாரிக்கு ஆகட்டும்.