ரீலில் சிக்கு விழுந்தால்…

ஜவ்வாது மலை அடிவாரத்தில், அமிர்தி பக்கம் ஏரி நிரம்பினால் பையன்கள் தூண்டிலோடு கிளம்பிவிடுவார்கள். (காப்புக்காட்டு ஓடை மட்டும் வேண்டாம்; வனத்துறை விடாது.) மூங்கில் கழிக்காரனுக்குத் தொல்லையில்லை. ரீல் வாங்கியவனுக்குத்தான் நரம்பு கூடுகட்டினாற்போல் சிக்கிக்கொள்ளும். உடனே அப்பா கத்தரிக்கோலைத் தேடுவார்!

அவசரம் வேண்டாம். நரம்பு தொய்வாகச் சுற்றப்பட்டிருப்பதே பெரும்பாலும் காரணம். வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு இறுகிவிடும். வளையங்களை விரலால் தளர்த்தி, ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். பிறகு முள்ளைக் கழற்றி, நரம்பை வெட்டவெளியில் நீளமாக விட்டால் முறுக்கு தானே அவிழும். ஈரத்துணியால் பிடித்தபடி இறுக்கமாகத் திரும்பச் சுற்றுங்கள். உருளை விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் குறைவாக நிறுத்திக்கொள்ளுங்கள். வழிய வழியச் சுற்றினால் மறுபடி சிக்குதான்.

வெட்டியே ஆகவேண்டிய துண்டு? நைலான் சீக்கிரம் மக்காது. கொக்கின் காலில் சுற்றினால் அதனால் அவிழ்க்க முடியாது. சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.