கால்வாயில் என்ன மீன் இருக்கப் போகிறது?

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் ஒரு படம். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று நீளத் தூண்டில் வீசிக்கொண்டிருப்பார். கீழே ‘த்ருயித்’ என்று போட்டிருக்கும். டிரவுட் மீனுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். அந்தத் தூண்டிலில் புழு கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய் ஈ. நிஜ ஈ என்று நம்பி மீன் பாய்ந்து கவ்வும்.

அந்த மீனை வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். 1907-இல் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிப்பகமே அமைத்தார். குளிர்ந்து ஓடும் தண்ணீர்தான் அதற்கு ஒத்துக்கொள்ளும். நம் அடி அண்ணாமலை வெயிலில் ஒரு நாள் தாங்காது.

ஆனால் நமக்கும் ஒரு ‘த்ருயித்’ உண்டு. விரால்.

நான் வேலைக்கு வந்த புதிதில், அலுவலகத்துப் பியூன் ஐயா ஒருவர் சாயங்காலங்களில் என்னை வயக்காட்டுக் கால்வாய்க்குக் கூட்டிப்போவார். எல்லாரும் ஏரியையே பார்ப்பார்கள். இரண்டு முழ அகலக் கால்வாயை யார் பார்ப்பது? அவர் ஒரு சின்னத் தவளையை முள்ளில் மாட்டி, கோரைப்புல் ஓரமாகத் தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகவிடுவார். ‘தொபுக்’கென்று ஒரு சத்தம். விரால்! பிரெஞ்சுக்காரர் இறகில் செய்ததை இவர் தவளையில் செய்தார், அவ்வளவுதான்.

ஒரு நாள் தண்ணீர் மேல் சிவப்பாக ஏதோ கொப்பளித்தது. அங்கே தவளையை விட்டேன். பெரிய விரால் மாட்டியது. ஐயா சந்தோஷப்படவில்லை. “தம்பி, அந்தச் சிவப்பு அதோட குஞ்சுங்க. காவலுக்கு நின்னதைப் புடிச்சிட்டீங்களே” என்றார். கொஞ்ச நேரத்தில் கெண்டைகள் வந்து அந்தக் குஞ்சுக் கூட்டத்தைக் கலைத்ததைப் பார்த்தேன். அன்று மீன் குழம்பு இறங்கவில்லை.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? கால்வாய் வெறும் தண்ணீர்ப் பாதை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுத்தண்ணீர் வந்ததும் ஏரி மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறுவதும், கால்வாயிலும் வயலிலும் முட்டையிடுவதும் நம் வயதுக்காரர்கள் எல்லாரும் பார்த்ததுதான். இன்று கால்வாய்க்கு அடியிலும் பக்கத்திலும் சிமெண்ட் போடுகிறோம். புல் இல்லை, சேறு இல்லை. இடையில் ஆளுயரத்துக்கு ஒரு படி. மீன் எப்படி ஏறும்?

கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டாமா என்பார்கள். நியாயம்தான். ஆனால் மண் கால்வாயில் ஊறிய தண்ணீர் எங்கே போயிற்று? பக்கத்துக் கிணற்றுக்குத்தானே! கரைக்குக் கல் கட்டுங்கள், அடியை மண்ணாகவே விடுங்கள். படி இருக்கும் இடத்தில் சரிவாகக் கட்டுங்கள். அதற்கு ஒன்றும் பெரிய செலவு ஆகாது.

இன்னொன்று. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் அதை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். குட்டையிலிருந்து அது வெள்ளத்தில் தப்பிக் கால்வாய்க்கு வந்தால் அயிரை, உளுவை, விரால் குஞ்சு எதுவும் மிஞ்சாது. வளர்ப்பது பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த மழை ஓய்ந்ததும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போங்கள். தூண்டிலும் கொண்டுபோகலாம். தண்ணீர் மேல் சிவப்பாகக் கொப்பளித்தால் மட்டும், தூண்டிலைச் சுருட்டிவிட்டுச் சும்மா நின்று பாருங்கள்.